யட்டியாந்தோட்டையில் ஹஸ்கி ஓடுமா?

பனியே இல்லாத இடங்களிலும் சறுக்குவண்டி நாய்களுக்குப் போட்டி வைக்கிறார்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இலையுதிர் காலம் பிறந்ததும் சறுக்குக் கட்டை வண்டியை ஓரமாக வைத்துவிட்டு, மூன்று அல்லது நான்கு சக்கரங்கள் கொண்ட வண்டியில் நாய்களைப் பூட்டிக் காட்டுப் பாதைகளில் ஓட்டுவது வழக்கம். சிலர் சைக்கிளுக்கு முன்னால் ஒற்றை நாயைக் கட்டுவார்கள். இன்னும் சிலர் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நாயோடு தாங்களும் ஓடுவார்கள். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலக் கடற்கரையில், மணல்மேடுகளுக்கும் ஊசியிலைக் காடுகளுக்கும் நடுவே, நாய் வண்டிகளில் தபால் உறைகளை ஏற்றிச் செல்லும் ஓட்டம் 1970களில் தொடங்கியது.

அப்படியொரு ஓட்டத்தை இலங்கையின் யட்டியாந்தோட்டையில் நடத்த முடியுமா? பாதைக்கு இங்கே பஞ்சமில்லை. அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் ஏ7 வீதியின் இரு பக்கமும் இறப்பர் மலைகளுக்குள் வளைந்து வளைந்து போகும் தோட்டத்து ரோட்டுகள் ஏராளம். சற்றுத் தள்ளிக் கித்துல்கலையில் மக்கந்தாவை வனம் இருக்கிறது. களனி கங்கையில் படகு விடுவதற்கும் மலையேறுவதற்கும் வெளிநாட்டுப் பயணிகள் ஏற்கெனவே அங்கே வருகிறார்கள். ஏற்ற இறக்கம் நாய்களுக்குப் பெரிய தடையல்ல, அலாஸ்காவில் அவை மலைத்தொடரையே கடக்கின்றன.

தடை காற்றில் இருக்கிறது. யட்டியாந்தோட்டைக் காற்றின் சூட்டைவிட அதில் கரைந்திருக்கும் ஈரமே நாய்க்குப் பெரிய எதிரி. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, இந்த நாய்களின் உடம்பு எப்படி உருவானது, எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சைபீரியாவுக்கு வடக்கே, ஆர்க்டிக் கடலில் உள்ள சொகோவ் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய நாய் எலும்புகள் கிடைத்தன. கூடவே சறுக்குவண்டிப் பாகங்களும் கிடைத்தன. அந்த நாயின் மரபணுவை ஆராய்ந்து 2020இல் வெளியான கட்டுரை, இன்றைய கிரீன்லாந்து நாய், ஹஸ்கி, மலமியூட் போன்றவை அந்தப் பழைய கூட்டத்துக்கு நெருங்கிய உறவு என்று காட்டியது. ஆக, குளிரில் சுமை இழுப்பதற்கென்றே மனிதன் நாய்களைத் தேர்ந்து வளர்க்கத் தொடங்கிக் கிட்டத்தட்ட பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

அந்தத் தேர்வின் பலனை உலகம் 1925இல் கண்டது. அலாஸ்காவின் நோம் ஊரில் டிப்தீரியா எனும் தொண்டைக்கரப்பான் பரவியது. விமானம் பறக்க முடியாத கடும் குளிர்காலம். நெனானா ரயில் நிலையத்திலிருந்து சுமார் 1,085 கிலோமீற்றர் தூரத்துக்கு, 20 ஓட்டிகளும் ஏறத்தாழ 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எடுத்த நேரம் ஐந்தரை நாள். கடைசிக் கட்டத்தில் முன்னால் ஓடிய பால்ட்டோவுக்கு நியூயோர்க்கில் சிலை வைத்தார்கள். ஆனால் மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியைக் கடந்தது லியோன்ஹார்ட் செப்பலாவின் டோகோ என்ற நாய்தான். 1973 முதல் அலாஸ்காவில் நடக்கும் இடிட்டரோட் நெடுந்தூரப் போட்டியின் பாதையில் ஒரு பகுதி, அன்று மருந்து போன அதே வழி.

இடிட்டரோட் ஓடும் நாய்களை ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறார்கள். ஏறத்தாழ 25 கிலோ எடையுள்ள ஒரு நாய் போட்டி நாட்களில் 10,000 கிலோகலோரிக்கும் மேல் செலவழிக்கிறது. தோட்டத்தில் நாள் முழுக்கக் கொழுந்து பறித்துக் கூடை சுமக்கும் ஒருவருக்குக்கூட இதில் மூன்றில் ஒரு பங்கு போதும். இவ்வளவு சக்தியையும் நாய் பெரும்பாலும் கொழுப்பிலிருந்து எடுக்கிறது. முதல் ஓரிரு நாட்களில் தசையின் சர்க்கரைச் சேமிப்பு குறைகிறது. பிறகு, ஓட்டம் நிற்காதபோதே, உடம்பு எரிபொருளை மாற்றிக்கொண்டு அந்தச் சேமிப்பை மீண்டும் நிரப்பத் தொடங்குகிறது.

ஆனால் எரியும் ஒவ்வொரு கலோரியும் கடைசியில் சூடாகத்தான் முடிகிறது. தசை எந்த விலங்குக்கும் சிக்கனமான இயந்திரம் அல்ல. நான்கு பங்கு எரித்தால் ஏறத்தாழ ஒரு பங்குதான் அசைவாகிறது, மற்றது வெப்பம். 25 கிலோ நாய் ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்குச் சுமார் 23 கிலோகலோரி செலவாகிறது. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால், வண்டி இழுப்பதையும் சேர்த்து, மணிக்கு 500 கிலோகலோரி வெப்பத்தை உடம்பு வெளியே தள்ளியாக வேண்டும். தள்ள முடியாவிட்டால் என்ன ஆகும்? நாயின் இயல்பான உடற்சூடு 38 முதல் 39 பாகை செல்சியஸ். வெளியேற வழியில்லாத வெப்பம் சில நிமிடங்களிலேயே அதை 41க்கு மேல் ஏற்றிவிடும்.

மனிதனுக்கு இந்த நிலையில் கைகொடுப்பது வியர்வை. நாய்க்கு அந்த வசதி இல்லை. அதன் வியர்வைச் சுரப்பிகள் பாதத்தின் அடித்திண்டுகளில்தான் குறிப்பிடும்படி வேலை செய்கின்றன, அவற்றால் குளிர்விக்க முடிவது மிகச் சொற்பம். நாயின் குளிரூட்டி அதன் மூச்சு.

ஓடி முடித்து நிற்கும் நாயைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நாக்கு வழக்கத்தைவிட அகன்று, சிவந்து, ஓரங்கள் மேல்நோக்கி வளைந்து தொங்கும். நாக்கிலுள்ள இரத்தக்குழாய்கள் விரிந்து சூடான இரத்தத்தை மேற்பரப்புக்குக் கொண்டுவருவதால் அந்தச் சிவப்பு. மார்பு ஏறி இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 300 தடவையையும் தாண்டும். இவ்வளவு வேகமாக இரைப்பதே தசைக்கு வேலை கொடுத்துச் சூட்டைக் கூட்டாதா என்று கேட்கலாம். நாயின் மார்புக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் இயல்பாகவே ஓர் அதிர்வு வேகம் இருக்கிறது. நாய் அதே வேகத்தில் இரைப்பதால் கொஞ்சச் சக்தியில் நிறையக் காற்று உள்ளே வந்து வெளியே போகிறது. காற்று பெரும்பாலும் மூக்கு வழியாக நுழைந்து வாய் வழியாக வெளியேறும். மூக்கின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு சுரப்பி, சூடு ஏறும்போது அதிக நீரைச் சுரந்து மூக்கின் உட்சுவரை நனைத்துக்கொண்டே இருக்கிறது. இதை 1972இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் தன்னோடு எடுத்துச் செல்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியானால் அரைக் கிலோகலோரிக்கும் சற்று அதிகமான வெப்பம் உடம்பை விட்டுப் போகும்.

யட்டியாந்தோட்டை குறுக்கே வருவது இங்கேதான். மே, ஜூன் மாதங்களில் தென்மேல் பருவக்காற்று அடிக்கும்போது லயத்து வாசலில் காயப்போட்ட சேலை இரண்டு நாளானாலும் காயாது. வெயில் இல்லை என்பது மட்டும் காரணமல்ல. சேலையிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடமில்லை. நாயின் நாக்குக்கும் அதே கதிதான்.

கணக்காகவே பார்ப்போம். நாயின் உடற்சூட்டுக்கு வந்து, ஈரம் நிறைந்து வெளியேறும் ஒரு கனமீற்றர் காற்று சுமார் 46 கிராம் நீராவியைச் சுமந்து போகும். அலாஸ்காவில் மைனஸ் 20 பாகையில் உள்ளே இழுக்கும் காற்றில் ஒரு கிராம் நீராவிகூட இருக்காது. ஆகவே ஒவ்வொரு கனமீற்றரும் நாயிடமிருந்து ஏறத்தாழ 45 கிராம் நீரை வாங்கிச் செல்கிறது. அந்தக் குளிர்காற்றைச் சூடாக்கவும் உடற்சூடு செலவாகிறது. இரண்டையும் கூட்டினால் கனமீற்றருக்குச் சுமார் 45 கிலோகலோரி வெளியே போகிறது.

யட்டியாந்தோட்டையில் 27 பாகை வெப்பம், 85 சதவீத ஈரப்பதன் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்தில் இது அதிசயமான நாளல்ல. உள்ளே போகும் காற்றிலேயே 22 கிராம் நீராவி இருக்கிறது. இன்னும் 24 கிராமுக்குத்தான் இடம். காற்றைச் சூடாக்குவதில் போகும் வெப்பமும் மிகக் குறைவு. மொத்தம் 17 கிலோகலோரி. அதாவது ஒரே அளவு மூச்சை விட்டு அலாஸ்கா நாய் வெளியேற்றும் வெப்பம், இங்கே ஓடும் நாய் வெளியேற்றுவதைவிட இரண்டரை மடங்குக்கும் அதிகம்.

மூச்சு ஒன்றே வழியென்றால், மணிக்கு 500 கிலோகலோரியை வெளியேற்ற அலாஸ்காவில் 11 கனமீற்றர் காற்று போதும். யட்டியாந்தோட்டையில் 29 கனமீற்றர் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய லயத்துக் காம்பிரா ஒன்றில் நிறைந்திருக்கும் காற்றை ஏறத்தாழ முழுவதும் ஒரு மணி நேரத்தில் உள்ளிழுத்து வெளிவிட வேண்டும். 25 கிலோ நாயின் நுரையீரலால் ஆகிற காரியமல்ல அது. குளிர் நாட்டில் காதும் காலும் மெல்லிய ரோமமுள்ள வயிற்றுப் பகுதியும் மீதி வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். இங்கே காற்றே உடம்புக்கு நெருங்கிய சூட்டில் இருப்பதால் அந்த வழியும் பாதி அடைபட்டுவிடுகிறது.

விடியற்காலையில் ஓட்டினால் என்ன?

இறப்பர் தோட்டத்துக்காரர்களுக்கு விடியற்காலையின் அருமை தெரியும். பால்வெட்டு அந்த நேரத்தில்தான் நடக்கிறது. வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்குமுன் மரத்துக்குள் அழுத்தம் நிறைந்திருப்பதால் பால் நன்றாக வடியும். நாய் ஓட்டுகிறவர்களும் உலகெங்கும் அதிகாலையையே தேர்கிறார்கள். ஆனால் ஈரவலயத்தின் விடியலில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெப்பநிலை 23 பாகைக்கு இறங்கும்போது ஈரப்பதன் 95 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. காற்றில் உள்ள நீராவியின் அளவு பகலில் 22 கிராம், விடியலில் ஏறத்தாழ 20. வித்தியாசம் அவ்வளவுதான். வெயில் இல்லாததும் காற்று சற்றுக் குளிர்ந்திருப்பதும் உதவும் என்பது உண்மை. பெரிய விடுதலை கிடைக்காது.

மேலை நாட்டு நாய் விளையாட்டுக்காரர்களிடையே ஒரு கைக்கணக்கு உண்டு. பாரன்ஹைட் வெப்பநிலையையும் ஈரப்பதன் சதவீதத்தையும் கூட்டு, 150ஐத் தாண்டினால் நாயை ஓட்டாதே என்பார்கள். இது ஆய்வுகூட விதியல்ல, அனுபவத்தில் உருண்டு திரண்ட எச்சரிக்கை. யட்டியாந்தோட்டையின் பகல் 27 பாகை என்பது பாரன்ஹைட்டில் 81, ஈரப்பதன் 85, கூட்டினால் 166. விடியலின் 23 பாகை என்பது 73, ஈரப்பதன் 95, கூட்டினால் 168. எந்த நேரத்தில் கூட்டினாலும் விடை ஒன்றே.

இனி மேலே போவோம். இதே ஏ7 வீதி ஹட்டன் வழியாக நுவரெலியாவில் முடிகிறது. இலங்கையில் நாய்க்கூட்டத்தை வைத்துப் பெரிய அளவில் ஓட்டம் நடந்ததற்கான எழுத்துப் பதிவு ஒன்று அங்கே இருக்கிறது. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1840களின் கடைசியில் நுவரெலியாவில் குடியேறி, இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களை வரவழைத்து, மரைகளைத் துரத்தி வேட்டையாடினார். 1850களில் அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றுப் பக்கம் போய்ப் பேர் வாங்கிய அதே பேக்கர்தான். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கும் மேலே, ஆண்டின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. நம் கணக்கை அங்கே போட்டால் கனமீற்றர் மூச்சுக்கு 26 கிலோகலோரி வெளியேறும். யட்டியாந்தோட்டையைப் போல ஒன்றரை மடங்கு. குளிர் தேச நாய்கள் அந்த மலையில் மணிக்கணக்காக ஓடியதற்கு உயரம் கொடுத்த உதவி சிறியதல்ல.

ஆனால் சூடான ஊர் என்றாலே நாய் ஓடாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தமிழ்நாட்டின் விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் நிலத்தில் வெப்பநிலை 35 பாகை, ஈரப்பதன் 40 சதவீதம் உள்ள ஒரு பகலை எடுத்துக்கொண்டால், மூச்சுக் கணக்கு 18 கிலோகலோரி என்று வருகிறது. யட்டியாந்தோட்டையைவிட எட்டுப் பாகை அதிகச் சூடு, ஆனாலும் நாயின் மூச்சுக்கு அங்கே ஒரு துளி சுலபம். அந்த மண்ணில்தான் சிப்பிப்பாறை நாய் முயலைத் துரத்தி ஓடும் நாயாக உருவானது. ஒட்டிய வயிறு, நீண்ட கால், உடம்போடு படிந்த குட்டை ரோமம், உடலின் எடைக்கு அதிகமான தோல் பரப்பு என்று அதன் அமைப்பு முழுவதும் வெப்பத்தை வெளியே விடுவதற்கே ஏற்றது. அதன் ஓட்டமும் அப்படித்தான், சில நிமிடப் பாய்ச்சல், பிறகு நிழல்.

சக்கர வண்டிப் போட்டிகளும் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டன. ஐரோப்பியக் காட்டுப் பாதைகளில் இன்று குறுந்தூரப் போட்டிகளில் வெல்வது பெரும்பாலும் ஹஸ்கி அல்ல. வெல்பவை ஜெர்மன் பொயின்டர் போன்ற குட்டை ரோம வேட்டை நாய்களைக் கலந்து வளர்த்த கலப்பினங்கள். பனியில் படுத்துறங்க வேண்டிய தேவை இல்லாதபோது தடித்த ரோமம் வெறும் பாரம்.

ஹஸ்கியின் ரோமம் இரண்டு அடுக்கு. மேலே நீர் ஒட்டாத நீண்ட முடி, கீழே பஞ்சு போன்ற அடர்ந்த அடிரோமம். வாலைச் சுருட்டி மூக்கை மூடிக்கொண்டு பனிக்குள் தூங்கும் நாய்க்கு அது வரம். பாதத்திலும் ஓர் ஏற்பாடு உண்டு. காலுக்கு இறங்கும் சூடான இரத்தமும் திரும்பி ஏறும் குளிர்ந்த இரத்தமும் அருகருகே ஓடுவதால், இறங்கும் இரத்தத்தின் சூடு ஏறும் இரத்தத்துக்கு மாறிவிடுகிறது. பாதம் உறைவதில்லை, உடம்பும் குளிர்வதில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் இதை விளக்கினார்கள். வெப்பத்தை வீணாக்காமல் காப்பதற்கு இப்படி உச்சி முதல் உள்ளங்கால் வரை ஆயத்தமான உடம்பை, வெப்பத்தை வெளியேற்றுவதே பிரச்சினையாக உள்ள ஊருக்குக் கொண்டுவருகிறோம்.

கொண்டுவருவதுதான் இப்போது நடக்கிறது. கொழும்பிலும் சென்னையிலும் நீலக்கண் ஹஸ்கி குட்டிகள் விலைபோகின்றன. தமிழ்நாட்டு அரசு 2024இல் வெளியிட்ட நாய் வளர்ப்புக் கொள்கை, மாநிலத்தின் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்கள் என்று பதினொன்றைக் குறித்து அவற்றை இனப்பெருக்கம் செய்யத் தடை விதித்தது. சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மலமியூட், செயின்ட் பெர்னார்ட், நியூஃபவுண்ட்லாந்து போன்ற குளிர்நாட்டு நாய்கள் அதில் இருந்தன. சப்பை மூக்கு காரணமாக மூச்சே திணறும் பக், பிரெஞ்சு புல்டொக் ஆகியவையும் இருந்தன. மூச்சுதான் குளிரூட்டி என்று புரிந்தவருக்கு இந்த இரண்டு கூட்டமும் ஒரே பட்டியலில் ஏன் வந்தன என்று விளக்க வேண்டியதில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகிய உள்ளூர் இனங்களை வளர்ப்பதை அதே கொள்கை ஊக்குவித்தது.

நாய்க்கு வெப்பத்தாக்கம் வருவது வெயிலில் பூட்டிவைத்த காருக்குள் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பிரித்தானிய மிருக வைத்திய நிலையங்களின் பதிவுகளை அலசி 2020இல் வெளியான ஆய்வில், காரணம் தெரிந்த வெப்பத்தாக்க நோயாளிகளில் நான்கில் மூன்று பங்கு நாய்கள் உடற்பயிற்சியால் பாதிக்கப்பட்டவை. அதாவது எசமானோடு நடந்தோ ஓடியோ விளையாடியோ விழுந்தவை. குளிர்ந்த பிரித்தானியாவிலேயே இந்த நிலை. வேலை செய்யும் இனங்களுக்கு ஓட்டத்தின் மீதுள்ள ஆசை சூட்டை மறக்கச் செய்துவிடும். எசமான் நிறுத்தாவிட்டால் தானாக நிற்காத நாய்கள் உண்டு.

ஈரமும் சேறும் உள்ள காட்டுப் பாதை இன்னும் சில ஆபத்துகளைச் சேர்க்கும். அடர்ந்த ரோமத்துக்குள் புகுந்த உண்ணியைக் கண்டுபிடிப்பது கடினம், உண்ணிக் காய்ச்சல் இங்கே நாய்களுக்குச் சாதாரணமாக வரும் நோய். தேங்கிய நீரிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றும். அட்டைக்கடி ரோமத்துக்குள் மறைந்து புண்ணாகும். வனத்துக்குள் நாய்க்கூட்டம் நுழைவது அங்குள்ள விலங்குகளுக்கும் நல்லதல்ல.

ஆகவே யட்டியாந்தோட்டையில் இழுவை நாய்ப் போட்டி நடத்த வேண்டாம் என்பதே உடலியலின் தீர்ப்பு. இலங்கையில் யாருக்காவது அந்த ஆசை விடாவிட்டால், நுவரெலியாப் பக்கம், வறண்ட தை மாசி மாதக் காலையில், குட்டை ரோம நாய்களை வைத்துக் குறுந்தூரம் ஓட்டிப் பார்க்கலாம், மிருக வைத்தியர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

ஏற்கெனவே ஹஸ்கி வளர்ப்பவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மொட்டையடிக்காதீர்கள், அடிரோமத்தை அடிக்கடி சீவி எடுங்கள். ஓட வைக்காமல் நிழலில் நடக்க விடுங்கள். மின்விசிறியும் சிமெந்துத் தரையும் எப்போதும் நிறைந்திருக்கும் தண்ணீர்ச் சட்டியும் கட்டாயம். நாய் நிற்காமல் இரைத்து, ஈறு கடுஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் வைத்தியரைத் தேடி ஓடுவதற்கு முன் பீலித் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, காற்று வீச விடுங்கள். ஈரத் துணியால் போர்த்தி மூடிவிடாதீர்கள், அது வெப்பத்தை உள்ளே அடைத்துவிடும். முதலில் குளிர வையுங்கள், பிறகு தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போங்கள்.